சென்சரில் அமர்ந்த தூசும் கையை விட்டுப் போன பணமும்

யாழ்ப்பாணத்தில் கமெராவை நம்பிப் பிழைப்பவர்களுக்குத் தூசு புதிய விடயம் அல்ல. வைகாசியில் சோளகம் எழும்பிவிட்டால் வலிகாமத்துச் செம்மண் கதவிடுக்கால் புகுந்து வீடு முழுவதும் படிந்துவிடும். கரையோரம் போனால் மணலோடு உப்புக் காற்றும் சேர்ந்துகொள்ளும். லென்ஸின் முகப்பைத் துடைப்பதும் பையைத் தட்டி வைப்பதும் எங்கள் எல்லோருக்கும் கைப்பழக்கம். ஆனால் லென்ஸைக் கழற்றி மாட்டும் சில விநாடிகளில் தூசு உள்ளே போய், படத்தைப் பதியும் சென்சரின் மேல் அமர்ந்துகொண்டால் அதை எப்படிக் கண்டுபிடிப்பது, எதனால் துடைப்பது, யாரிடம் கொடுக்கலாம், யாரிடம் கொடுக்கக் கூடாது என்பதையெல்லாம் எனக்கு எவரும் சொல்லித் தந்ததில்லை. அந்த அறியாமையால் ஒரு கல்யாண அல்பத்தை மறுபடி அச்சடித்த செலவு, வாடகைக் கமெராவுக்குக் கொடுத்த பணம், கொழும்புக்குப் போய் வந்த செலவு எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் ஒரு இலட்சம் ரூபாவைத் தாண்டுகிறது. சென்சரைத் துடைக்கும் வேலைக்கு உண்மையில் தேவைப்பட்ட பொருட்களின் விலை அதில் பத்தில் ஒரு பங்குகூட வராது என்பதுதான் இன்றுவரை என் மனம் ஆறாத விடயம்.

என்னிடம் இருப்பது நிக்கொன் டி750. 2014 இல் வெளிவந்த, ஏறத்தாழ 36க்கு 24 மில்லிமீற்றர் அளவுள்ள பெரிய சென்சர் கொண்ட கமெரா அது. 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபா வரை ஏறிய பிறகு, புதிய கமெரா வாங்குவது என் போன்றவர்களுக்கு எட்டாத காரியமாகிவிட்டது. ஆகவே ஒருவர் பாவித்துக் கொடுத்ததை வாங்கினேன். என் வேலையில் பெரும்பகுதி மண்டபத்துக்குள் நடக்கும் கல்யாணங்களும் சாமத்திய வீடுகளும்தான். அங்கே வெளிச்சம் போதாது என்பதால் லென்ஸில் ஒளி புகும் துவாரமான அப்பர்ச்சரை எஃப் 2.8, எஃப் 4 என்று அகலத் திறந்தே எடுப்பேன் (எஃப் எண் கூடக்கூடத் துவாரம் சிறுக்கும்). அப்படி எடுத்த படங்களில் ஒரு புள்ளியையும் நான் கண்டதில்லை. கமெரா சுத்தமாக இருக்கிறது என்றே நம்பியிருந்தேன்.

கனடாவிலிருந்து வந்திருந்த ஒரு குடும்பத்தினர் கல்யாணத்துக்கு மறுநாள் காரைநகர் கசூரினா கடற்கரையில் குடும்பப் படங்கள் வேண்டும் என்றார்கள். உச்சி வெயில், முகத்தில் விழும் நிழலைப் போக்கப் பிளாஷ் போட வேண்டியிருந்தது. இந்தக் கமெராவில் பிளாஷோடு சாதாரணமாக ஒரு விநாடியின் 200இல் ஒரு பங்கை விட வேகமாக எடுக்க முடியாது. ஒளியை உணரும் அளவான ஐஎஸ்ஓவை 100க்குக் குறைத்தாலும் வெளிச்சம் அதிகம் என்பதால் அப்பர்ச்சரை எஃப் 11, எஃப் 16 என்று சுருக்கத்தான் வேண்டும். அன்று எடுத்த படங்களைக் கமெராவின் சிறிய திரையில் பார்த்தபோது எல்லாம் பளிச்சென்று இருந்தன. வேலை மும்முரத்தில் அல்பமும் அச்சாகி வந்துவிட்டது. அதைக் கையில் வாங்கிய மணப்பெண்ணின் அக்கா, நடுப்பக்கத்து நீல வானத்தில் விரலை வைத்து, “தம்பி, இது காகமோ?” என்று கேட்டார். அடுத்த பக்கத்தைப் புரட்டினார். அங்கேயும் அதே இடத்தில் அதே காகம். அதற்கு மேல் நான் விளக்கம் சொல்லத் தேவை இருக்கவில்லை. அந்த அல்பத்தை என் செலவில் மறுபடி அச்சடித்துக் கொடுத்ததற்கு 42,000 ரூபா போனது. அவர்கள் அதன்பின் எனக்கு வேறு வேலை எதுவும் தரவில்லை. அதைக் குறை சொல்லவும் முடியாது.

இவ்வளவு காலமும் தெரியாத புள்ளி அன்று மட்டும் எப்படித் தெரிந்தது என்பதை விளங்கிக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். தூசு சென்சரின் மேல் நேரடியாக விழுவதில்லை. சென்சருக்கு முன்னால் வடிகட்டிக் கண்ணாடி இருக்கிறது. தூசு அமர்வது அந்தக் கண்ணாடியின் மேற்பரப்பில். ஆகவே தூசுக்கும் சென்சருக்கும் இடையே மிகச் சிறிய இடைவெளி உண்டு, படத்தில் நாங்கள் காண்பது தூசின் நிழலை மட்டுமே. நீளமான ரியூப் வெளிச்சத்தின் கீழ் ஒரு நூலைப் பிடித்தால் சுவரில் அதன் நிழல் கலைந்து போகிறது, சிறிய ரோர்ச் வெளிச்சத்தில் பிடித்தால் கூர்மையாக விழுகிறது அல்லவா? அதுபோலவே அப்பர்ச்சர் அகலத் திறந்திருக்கும்போது பல கோணங்களில் வரும் ஒளி அந்த நிழலைக் கரைத்துவிடுகிறது. அப்பர்ச்சரைச் சுருக்கும்போது நிழல் கறுத்துத் திரள்கிறது. ஆகவே மண்டபத்துக்குள் மட்டும் வேலை செய்பவர் தன் கமெராவில் தூசு இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. வெளியே படம் எடுக்கப் போகும் முதல் நாள் இரவே சோதித்துப் பார்த்துவிட வேண்டும்.

சோதனை மிக இலகுவானது. ஐஎஸ்ஓவை ஆகக் குறைந்த அளவில் வைத்து, அப்பர்ச்சரை எஃப் 16 அல்லது எஃப் 22 ஆக்கி, லென்ஸின் போகஸை கையால் முடிவிலிக்குத் திருப்பிவிட்டு, கிட்ட நின்று வெள்ளைச் சுவரையோ கணினியின் வெற்று வெள்ளைத் திரையையோ எடுக்க வேண்டும். சென்சருக்கு முன்னால் திறந்து மூடும் திரையான ஷட்டர் மெதுவாக ஓடும். கை ஆடினாலும் பாதகமில்லை, ஆடுவது நல்லது, ஏனென்றால் சுவரில் உள்ள அழுக்குகள் எல்லாம் கலைந்துபோகச் சென்சரில் இருப்பது மட்டும் அசையாமல் நிற்கும். பிறகு அந்தப் படத்தின் கொன்ட்ராஸ்டை உயர்த்திப் பார்த்தால் எல்லாம் வெளிப்பட்டுவிடும். நான் முதன்முதலாக அப்படிப் பார்த்தபோது, அக்கா விரல் வைத்த புள்ளியைத் தவிர இன்னும் எத்தனையோ புள்ளிகளும், மூலையில் சுருண்டு கிடந்த ஒரு நூலும், நடுவே விளிம்பு மங்கலான வட்டங்கள் சிலவும் தெரிந்தன. கறுப்பாகவும் ஒழுங்கில்லாமலும் இருப்பவை உலர்ந்த தூசு. விளிம்பு மங்கி நடுப்பகுதி சற்று வெளிறிய வட்டமாக இருப்பவை பெரும்பாலும் எண்ணெய்த் துளியோ காய்ந்த ஈரமோ ஆகும். இந்த வேறுபாடு முக்கியமானது, ஏனெனில் முதலாவது ஊதினால் போகும், இரண்டாவது போகாது. வியூபைண்டரில் தெரிந்து படத்தில் தெரியாத தூசு சென்சரில் இல்லை, படத்தை வியூபைண்டருக்குத் திருப்பிவிடும் மிரர் கண்ணாடிப் பக்கம் இருக்கிறது. அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. லென்ஸை மாற்றியும் அதே இடத்தில் நிற்கும் புள்ளிதான் சென்சருக்கு உரியது.

கணினியில் அழித்துவிடலாமே என்று சிலர் சொல்வார்கள். நானும் சில காலம் அதைத்தான் செய்தேன். படம் திருத்தும் லைட்ரூம் மென்பொருளில் ஒரு படத்தில் அழித்த புள்ளிகளை மற்றப் படங்களுக்கும் ஒரேயடியாகப் பிரதி செய்யலாம். வானத்துக்கும் வெறும் சுவருக்கும் அது சரிவரும். ஆனால் அதே புள்ளி அடுத்த படத்தில் கூறைச் சேலையின் சரிகைக் கரையிலோ மாப்பிள்ளையின் கன்னத்திலோ விழும்போது மென்பொருள் எதையோ எடுத்து எங்கேயோ ஒட்டிவிடுகிறது. ஒவ்வொன்றாகத் திருத்த வேண்டி வருகிறது. நல்லூர்த் தேருக்குப் பிறகு நான் இரவிரவாக இருந்து திருத்திய படங்களுக்கு யாரும் மேலதிகமாகக் காசு தரவில்லை.

பிறகு நகரில் கமெரா திருத்தும் ஒருவரிடம் கொண்டுபோனேன். பழுது பார்ப்பதில் அனுபவம் உள்ளவர்தான். ஆனால் அவர் செய்ததை நான் பக்கத்தில் கதிரை போட்டு இருந்து பார்த்தேன்: முதலில் கணினிக் கடைகளில் பயன்படுத்தும் மின்சார ஊதியை உள்ளே பிடித்தார், பிறகு காது துடைக்கும் பஞ்சுக் குச்சியை ஸ்பிரிட்டில் தோய்த்து வட்ட வட்டமாகத் தேய்த்தார். 4,000 ரூபா வாங்கினார். வீட்டுக்கு வந்து வெள்ளைச் சுவரை எடுத்துப் பார்த்தால், பழைய புள்ளிகளில் சில போய், படத்தின் குறுக்கே வளைவு வளைவாகக் கோடுகளும் ஓரங்களில் பஞ்சு இழைகளும் இருந்தன. கடையில் விற்கும் ஸ்பிரிட்டில் தண்ணீரும் வேறு சேர்க்கைகளும் இருப்பதால் அது காயும்போது படிவை விட்டுச் செல்கிறது. பஞ்சு இழை விடுகிறது. வட்டமாகத் தேய்ப்பது அழுக்கை நடுவில் சேர்க்கிறது. மின்சார ஊதியின் வேகம் ஷட்டரின் மெல்லிய தகடுகளைக் குலைத்துவிடக்கூடியது. அன்று ஷட்டர் தப்பியது என் நல்ல காலம். “இதுக்கு மேல ஒண்டும் செய்யேலாது, கொழும்புக்குத்தான் கொண்டுபோக வேணும்” என்று அவர் கையை விரித்துவிட்டார்.

கொழும்புக்கு நானூறு கிலோமீற்றர் அளவு தூரம். இரவு பஸ்ஸில் ஏறினால் விடியக் காலையில் இறங்கலாம். கமெரா அங்கே வரிசையில் கிடந்த காலத்தில் ஏற்கெனவே ஒப்புக்கொண்ட கல்யாணங்களுக்கு நாளொன்றுக்கு 8,000 ரூபா வாடகையில் இன்னொருவரின் கமெராவை எடுத்தேன். அதிலேயே பெரும் பணம் போனது. கடைசியில் அந்தச் சேவை நிலையத்தார் தொலைபேசியில் அழைத்து, சென்சர்க் கண்ணாடியில் கீறல் விழுந்துவிட்டது, முழு அலகையும் மாற்ற வேண்டும், 190,000 ரூபா வரும் என்றார்கள். அந்த விலைக்கு அதே கமெராவை இன்னொன்று பாவித்ததாக வாங்கிவிடலாம். அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. தொழிலை விட்டுவிடலாமா என்றுகூட யோசித்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

கமெராவைத் திருப்பி எடுக்கப் போன அன்று, விளம்பரப் படங்கள் எடுக்கும் அறிமுகமான அண்ணை ஒருவரிடம் காட்டினேன். அவர் கமெராவின் மிரர் கண்ணாடியை மேலே தூக்கி நிறுத்தி, சிறிய ரோர்ச் ஒன்றைச் சரித்துப் பிடித்து, உருப்பெருக்கிக் கண்ணாடியால் வெகுநேரம் பார்த்தார். வெளிச்சத்தைச் சற்று அசைத்தபோது சென்சர்க் கண்ணாடியின் மேல் மண்ணெண்ணெய் படிந்த தண்ணீரில் தெரிவதைப் போன்ற நிறப் படலம் ஒன்று தோன்றி மறைந்தது. “தம்பி, இது கீறல் இல்லை, காய்ஞ்ச ஸ்பிரிட். கீறல் எண்டால் நிறம் மாறாது, கோடாய் அப்பிடியே நிக்கும்” என்றார். சென்சருக்கென்றே உள்ள திரவத்தால் இரண்டு தடவை ஈரத் துடைப்பு செய்தார். கோடுகள் மறைந்தன. பணம் வாங்க மறுத்துவிட்டார். எவராவது சென்சரை மாற்ற வேண்டும் என்று சொன்னால், ஒழுங்கான ஈரத் துடைப்பு ஒன்றைச் செய்து, முன்னும் பின்னும் எடுத்த சோதனைப் படங்களை ஒப்பிட்டுப் பார்க்காமல் ஒரு சதமும் கொடுக்காதீர்கள். துடைத்த பின் கோடு இடம் மாறினாலோ மங்கினாலோ அது படிவு. அணுவளவும் மாறாமல் நின்றால் மட்டுமே கீறல் என்று நினைக்க இடமுண்டு.

அன்றிலிருந்து இந்த வேலையை நானே செய்கிறேன். முதலில் கமெராவின் சொந்தத் துப்புரவு வசதியை ஓட விடுவேன். 2003 இல் ஒலிம்பஸ் ஈ-1 கமெராவில் முதன்முதலாக வந்த இந்த ஏற்பாடு, சென்சரின் முன்கண்ணாடியை மிக வேகமாக அதிரச் செய்து தூசை உதிர்க்கிறது. கமெராவை மேசையில் நிமிர்த்தி வைத்து இயக்கினால்தான் உதிர்வது கீழே போகும். உலர்ந்த தூசில் ஒரு பகுதி இதிலேயே போய்விடும், ஒட்டியது போகாது. அடுத்தது கையால் அமுக்கிக் காற்றை ஊதும் கைப் புளோவர். ரப்பரால் ஆன, காற்றை உள்ளே இழுக்கும் வாயில் தடுப்புள்ள நல்ல புளோவர் ஒன்றை வாங்குங்கள். மருந்துக் கடை ரப்பர்க் குமிழ்கள் வேண்டாம், சிலவற்றின் உட்புறத்தில் ஒட்டாமல் இருக்கப் பவுடர் பூசியிருப்பார்கள். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். தகரக் குப்பியில் அடைத்து வரும் அழுத்தக் காற்றில் இருக்கும் திரவம் சில நேரம் அப்படியே தெறித்துக் கறையாகிவிடும். ரயர் கடைக் காற்றில் எண்ணெயும் ஈரமும் உண்டு. இந்த மூன்றும் கூடவே கூடாது.

ஊதுவதற்குக் கமெராவின் மெனுவில் மிரர் கண்ணாடியைத் துப்புரவுக்காக உயர்த்திப் பூட்டும் தெரிவு இருக்கிறது. மின்கலத்தை முழுவதும் சார்ஜ் செய்துவிட்டு மட்டும் அதைத் தொடுங்கள். நடுவில் மின் தீர்ந்தால் ஷட்டரும் மிரர் கண்ணாடியும் உங்கள் கையிலுள்ள குச்சியின் மேலேயே வந்து விழும். என் கமெராவில் மின் குறைவாக இருந்தால் அந்தத் தெரிவே இயங்காது. பல்ப் முறையில் ஷட்டரைத் திறந்து பிடித்துக்கொண்டு செய்யும் பழைய பழக்கத்தைக் கைவிடுங்கள், விரல் வழுக்கினால் போதும். கமெராவின் வாய் நிலத்தைப் பார்க்கும்படி பிடித்து, புளோவரின் மூக்கு உள்ளே போகாமல், கீழிருந்து மேலாகப் பல தடவை ஊத வேண்டும். புள்ளி எங்கே என்று தேடும்போது ஒன்றை நினைவில் வைத்திருங்கள்: படம் சென்சரில் தலைகீழாக விழுகிறது. படத்தின் மேல் இடது மூலையில் தெரியும் புள்ளி, கமெராவை உங்களை நோக்கித் திருப்பி உள்ளே பார்க்கும்போது கீழ் இடது மூலையில் இருக்கும். பக்கம் மாறாது, மேலும் கீழும் மாறும்.

ஊதியும் போகாதவற்றுக்கே ஈரத் துடைப்பு. எங்கள் ஊரில் இது அடிக்கடி தேவைப்படுவதற்குக் காரணம் ஈரப்பதன். ஏசி போட்ட வாகனத்திலிருந்து கமெராவை வெளியே எடுத்து உடனே லென்ஸைக் கழற்றினால், குளிர்ந்த கண்ணாடியில் ஈரம் படிந்து, அதில் தூசும் உப்பும் ஒட்டிக் காய்ந்துவிடுகின்றன. இதற்கென்று விற்கும், நுனியில் மெல்லிய துணி சுற்றிய சுவாப் குச்சியின் அகலம் சென்சரின் உயரத்துக்குச் சமமாக இருக்க வேண்டும்: என் கமெராவுக்கு 24 மில்லிமீற்றர், சிறிய ஏபிஎஸ்-சி சென்சர்களுக்கு 16. ரொறன்ரோவிலிருந்து வந்த சித்தப்பாவிடம் சுவாப்பும் மெதனோல் திரவமும் கேட்டிருந்தேன். சுவாப் வந்தது, திரவம் வரவில்லை. மெதனோல் தீப்பற்றும் பொருள் என்பதால் விமானப் பயணிகளின் பொதிகளில் கொண்டுவர அனுமதி இல்லை. வெளிநாட்டு உறவினரிடம் சொல்வதாயின் தீப்பற்றாத திரவத்தோடு வரும் பெட்டியைக் கேளுங்கள்.

நான் இதை இரவில் செய்வேன். மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, நிலத்தை ஈரத் துணியால் துடைத்து, காற்றிலுள்ள தூசு அடங்கும்வரை சற்றுப் பொறுத்திருப்பேன். முதலில் ஊதாமல் துடைக்கக் கூடாது. கண்ணாடியில் நிற்கும் மணற்துகளைச் சுவாப்பால் இழுத்தால் உண்மையான கீறல் அப்போதுதான் விழும். சுவாப்பின் நுனியில் இரண்டு துளி, அதற்கு மேல் வேண்டாம். சில விநாடிகள் ஊற விட்டு, ஒரு ஓரத்தில் வைத்து, குச்சி மெல்ல வளையும் அளவுக்கு மட்டும் அழுத்தி, மறு ஓரம் வரை ஒரே ஓட்டமாக இழுக்க வேண்டும். பிறகு சுவாப்பைத் தூக்கி மறுபக்கத்தைத் திருப்பி, எதிர்த் திசையில் இன்னொரு இழுப்பு. ஈரம் கண்முன்னே பின்வாங்கிக் காய்வதைக் காணலாம். அவ்வளவுதான், அந்தச் சுவாப்பை வீசிவிடுங்கள், கழுவி மீண்டும் பாவிக்கும் சிக்கனம் இங்கே உதவாது. சோதனைப் படம் எடுத்து, ஓரத்தில் ஒன்றிரண்டு சிறு புள்ளிகள் மிஞ்சியிருந்தால் அத்தோடு விட்டுவிடுகிறேன். நூறு வீதம் சுத்தம் வேண்டும் என்று திரும்பத் திரும்பத் துடைப்பதால்தான் பலர் கெடுத்துக்கொள்கிறார்கள்.

தூசு உள்ளே போகாமல் காப்பதற்கு என் வழக்கத்தில் மாறியவை சிலவே. கமெராவை அணைத்து, வாயைக் கீழே பிடித்து, காற்றுக்கு முதுகு கொடுத்து நின்று லென்ஸை மாற்றுகிறேன். லென்ஸின் பின்மூடியையும் கமெராவின் மூடியையும் கழுவிக் காய வைக்கிறேன். பையின் அடியில் கிடந்த மூடிதான் பெரும்பாலான தூசைக் கொண்டுபோகிறது என்பது என் கணிப்பு. நல்லூர்த் திருவிழாவில் வீதியெங்கும் மணல் பரப்பியிருக்கும். பிரதட்டை செய்பவர்களுக்கும் காவடிகளுக்கும் நடுவே நிற்கும்போது லென்ஸைக் கழற்றுவதே இல்லை. அங்கே ஒரு சூம் லென்ஸோடு முழு நாளையும் ஒப்பேற்றிவிடுகிறேன், இத்தனைக்கும் நீண்டு சுருங்கும் சூம் லென்ஸும் காற்றை உள்ளே இழுக்கத்தான் செய்கிறது. மணற்காட்டு மணற்குன்றுகளுக்குப் போனாலும் அப்படியே.

மிரர் கண்ணாடியே இல்லாத மிரர்லெஸ் கமெராவுக்கு மாறியவர்கள், அங்கே லென்ஸைக் கழற்றினால் சென்சர் நேராகவே வெளியே தெரியும் என்பதைக் கவனியுங்கள். 2018 இல் வந்த கெனன் ஈஓஎஸ் ஆர் போன்றவை அணைக்கும்போது ஷட்டர் திரையை மூடிக்கொள்கின்றன. எல்லாக் கமெராக்களும் அப்படி இல்லை. மூடிய திரையின் மேல் புளோவரை வேகமாக அடிக்கவோ விரல் வைக்கவோ கூடாது, அந்தத் தகடுகள் கடதாசியைப் போல மெல்லியவை. நடுக்கத்தைச் சரிசெய்வதற்காகச் சென்சரே அசையும் அமைப்புள்ள கமெராவாயின், கைநூலில் சொல்லப்பட்ட முறையைப் படிக்காமல் சுவாப்பைத் தொடாதீர்கள். உத்தரவாதக் காலத்தில் இருக்கும் கமெராவாயின், நீங்கள் துடைத்து வரும் சேதத்துக்குக் கம்பனி பொறுப்பேற்காது என்பதையும் எண்ணிப் பார்த்து முடிவெடுங்கள்.

தானே செய்யப் பயப்படுபவர் கடையில் கொடுப்பதில் தவறில்லை. ஆனால் எந்தத் திரவம், எந்த அளவு சுவாப், புதியதா பாவித்ததா என்று முதலில் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் கமெராவைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். எஃப் 16 இல் எடுத்த வெள்ளைச் சுவர்ப் படம் ஒன்றைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டு போய், வேலை முடிந்ததும் அங்கேயே அதுபோல இன்னொன்றை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்த பிறகு காசைக் கொடுங்கள்.